பணியிடம் காலி

செவ்வாயும் வியாழனும் மட்டும்
ஐயா வருவார்.
மற்ற நாளில் அந்த நாற்காலிக்குத்
துண்டு விரித்துத் தூசி காப்பவன் நான்.
அவர் பொறுப்பு நீதிபதி.
சொந்தக் கோர்ட்டு மேல்மாடியில்:
அங்கே வாகன விபத்து,
இங்கே வேலைநீக்கம்.
ரெண்டுலயும் ஆள் விழுந்துதான் கிடக்கான்,
கணக்குத்தான் வேற
என்பார் சாந்தாராம்.

சாந்தாராம் சுருக்கெழுத்தர்.
அனுமதித்த இடம் இரண்டு, இருப்பவர் ஒருவர்,
அவரும் அயற்பணி.
சம்பளம் உசிலம்பட்டியில்,
விரல் பத்தும் இங்கே.

தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றது போன சித்திரை.
திருவிழா முடிந்த மறுநாள்,
மாலை மலிவாகக் கிடைத்தது.
அவர் மேசைச் சாவி இப்போது
பெஞ்சு கிளார்க் அல்போன்ஸ் மேரியின்
டிபன் பைக்குள்.
வாய்தா டைரி, நகல் மனு, ரப்பர் முத்திரை,
எலி கடித்த கட்டுக்கு விளக்கக் கடிதம்,
எல்லாம் அந்தம்மா கையெழுத்து.

என் வேலை சுலபம்.
தொழிலாளர் நீதிமன்ற வாசலில் நின்று
மூன்று தரம் கூப்பிட வேண்டும்.
முதல் தரம் காகிதத்தைப் பார்த்து.
இரண்டாம் தரம் வேப்பமரத்தைப் பார்த்து.
மூன்றாம் தரம் யாரையும் பாராமல்.

கப்பலூர் நூற்பாலை மொக்கைச்சாமியைப்
பதினோரு வருஷமாகக் கூப்பிடுகிறேன்.
வாயைத் திறக்குமுன்னே
‘இருக்கேன்யா’ என்பார்.
அடுத்து எதிர்த்தரப்பு.
நிர்வாகம்! நிர்வாகம்! நிர்வாகம்!
கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டபடி
ஒரு ஜூனியர் ஓடி வருவார்.
இதுவரை ஏழு ஜூனியர்.
ஆலையின் பெயர் மூன்று முறை மாறிவிட்டது.
மொக்கைச்சாமிக்கு அதே பெயர்,
கண்ணாடி மட்டும் தடித்திருக்கிறது.

எல்லாரும் முதலில் எல்லிஸ் நகர் போய்த்தான்
இங்கே வருகிறார்கள்.
அங்கே சமரச அலுவலர்
இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி,
ஒத்துவராவிட்டால்
முறிவறிக்கை எழுதித் தருவார்.
முறிந்ததற்கு ரசீது கொடுக்கிற ஆபீஸை
வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. ஐயா இல்லாத நாள்.
சாட்சிக் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்த
ஜெயக்கொடி கேட்டார்:
‘எனக்கு ஒரு நம்பர் போட முடியுமாண்ணே?’

நாலு மாசச் சம்பளம் பாக்கி.
பி.எஃப். பிடித்தது எங்கே போச்சென்று தெரியாது.
ஏழு வருஷமாக இந்தக் கட்டடத்தைக் கூட்டுகிறார்,
எங்கள் ஊழியர் பட்டியல் எதிலும் இல்லை.

அல்போன்ஸ் மேரி ஒரு தாளை உருவினார்.
‘மனுதாரர் ஜெயக்கொடி, சரி.
எதிர்மனுதாரர் யாரு?’

சட்டைப் பையில் அச்சடித்த கம்பெனி சென்னையில்.
அவர்களிடம் எடுத்தவர் மேலூர்க்காரர்.
வேலை சொல்வது
போனில் மட்டும் வரும் ஒரு சூப்பர்வைசர்.
ஜெயக்கொடி விரல் விட்டு எண்ணினார்.
நான்காவது விரல் மடங்கும்போது
மேடையில் துண்டு விரித்த நாற்காலியைப் பார்த்தார்.
நாங்களும் பார்த்தோம்.
சாந்தாராம் இருமினார்.

அல்போன்ஸ் மேரி அந்த வரியை மட்டும்
எழுதாமல் விட்டார்.

திங்கட்கிழமை எல்லிஸ் நகர் போனார் ஜெயக்கொடி.
வராத சம்பளத்தில் அரைநாள் பிடித்தம்.
மத்தியானம் திரும்பி வந்து
துடைப்பத்தைத் தரையில் தட்டிக்கொண்டே சொன்னார்:
‘அங்கயும் இடம் காலியாம்.
பொறுப்பு ஆபீசரு
புதன்கிழமை மட்டுந்தேன் வருவாராம்.’

வியாழன் ஐயா வந்தார்.
நாற்பத்திரண்டு வழக்கு,
முப்பத்தொன்பதுக்கு வாய்தா.
மொக்கைச்சாமிக்கு ஆடி பதினெட்டு கழிந்து.

சாயந்தரம் கட்டுகளைக் கட்டும்போது
அல்போன்ஸ் மேரியிடம் கேட்டேன்:
நாளைக்கு ஜெயக்கொடி பேர் வந்தால்
எப்படிக் கூப்பிட?
மனுதாரர் என்றா,
தொழிலாளி ஜெயக்கொடி என்றா?

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்:
‘தொழிலாளியான்னுதானே
முதல்ல நிரூபிக்கணும்.’