பத்தாவது கட்டம்

கச்சேரியில் நின்றுவந்த வெயில்
சட்டை முதுகில் ஈரமாய் ஒட்டியிருக்க
என் யன்னலுக்கு முன்னால் வந்தான்.
தொழில்நுட்பக் கல்லூரி, அனுமதிப் பிரிவு.
மின்விசிறி போன கிழமையோடு நின்றுவிட்டது.
"குளிரூட்டி திருத்துற கோர்ஸ்," என்றான்,
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
சொல்வதெழுதுதல் எழுதினவன் போல
ஒவ்வோர் எழுத்தாய் இறக்கிவைத்து.

பெயர்: குகநேசன் சயூரன்.
பிறந்த இடம்: மண்டபம் முகாம்.
வளர்ந்த இடத்துக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் குரொய்டன் என்று எழுதி
பிறகு தானே வெட்டியிருந்தான்.
பத்தாவது கட்டம், அடையாள அட்டை இலக்கம்:
வெள்ளை.

கையில் இருந்தது ஒரேயொரு தாள்,
ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லும்.
அதையும் கட்டுநாயக்காவில் துளைபோட்டுவிட்டார்கள்,
பஸ் ரிக்கற் மாதிரி.

"முந்திப் படிச்ச இடத்துக் கடிதம்?"
இருந்தது. மடிப்புக் குலையாமல்.
நான்கு தவணையில் மூன்று முடித்தவர்.
வரவு தொண்ணூற்றாறு வீதம்.
விலகிய காரணம்: தனிப்பட்டது.

அந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் நின்றேன்.
விடியப்புறம் கதவு தட்டினது,
சப்பாத்துப் போட விடாதது,
வானுக்குள் இருந்து பார்த்த தன் கல்லூரி மதில்,
எல்லாவற்றையும் அவன் பிறகு ஒருநாள்தான் சொன்னான்.
அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்:
"நாலாம் தவணைக் காசு கட்டச் சொல்லி
இன்னும் மெயில் வருது அக்கா."
சிரித்தான். நானும் சிரித்திருக்கக்கூடாது.

உள்ளூர் மாணவருக்குப் பதினெட்டாயிரம் ரூபாய்,
மூன்று தரமாய்க் கட்டலாம்.
வெளிநாட்டவருக்கு டொலரில், ஒரே தரத்தில்.
அட்டை இலக்கம் இல்லாதவர் வெளிநாட்டவர்
என்கிறது சுற்றுநிருபம்.
வாசித்தேன் என்பதற்கு
அதன் அடியில் என் சின்னக் கையெழுத்தும் இருக்கிறது.

அங்கேயும் அதே சொல் சொல்லித்தானே ஏற்றிவிட்டார்கள்.
இதை அவன் சொல்லவில்லை.
அவன் கேட்டது,
"டொலர் இண்டைக்கு என்ன விலை?"

வரிசையில் பின்னால் நின்ற சுன்னாகத்துப் பெடியன்
பேனை இரவல் கேட்டான்.
குரொய்டன் கல்லூரியின் பெயர் பொறித்த பேனை.
சயூரன் கொடுத்தான்.
அது திரும்பி வரவில்லை.
என் பேனையோ காலையிலேயே பதிவாளரின் சட்டைப்பையில்.
மேசையில் மிச்சம் இருந்தது ஒரு பென்சில்.

அதால்தான் எழுதினேன்,
கட்டண வகை என்ற இடத்தில்:
உள்ளூர்.

என் தம்பி பாரிஸில் மூன்றாவது மேன்முறையீட்டில் நிற்கிறான்.
யார் தட்டினாலும் கதவு திறக்கிறதில்லை,
அம்மாவுக்குச் சொல்லிப்போடாதே என்பான்.
அதற்கும் இதற்கும் தொடர்பில்லை
என்றுதான் சொல்லுவேன், விசாரணை வந்தால்.

கோப்பு மேலே போனது.
கேள்விக்குறியோடு கீழே வந்தது.
திங்கட்கிழமை வகுப்புத் தொடங்கிவிட்டது.
பட்டறையில் குருநகர்ச் சங்கத்தின் பழைய ஐஸ் பெட்டி,
உள்ளே இன்னும் சூடை வாசம்.
யன்னலால் கேட்கிறது:
கொம்பிரசர் இருமி, பிடித்து, நின்றுபோகிறது.
யாரோ "திரும்பப் போடு" என்கிறார்கள்.
வரவு இடாப்பில் முப்பத்தோராவது பெயருக்கு
இலக்கம் இல்லை.
வரவு மட்டும் இருக்கிறது, நாள் தவறாமல்.

கோப்பு மூன்று தரம் திரும்பிவிட்டது.
ஒவ்வொரு தரமும் கேள்விக்குறி கொஞ்சம் பெரிசு.
பக்கத்து மேசைக்காரி அழிறப்பரை
என் பக்கமாய்த் தள்ளிவைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குப் போகிறாள்.
நான் பென்சிலைச் சீவி
அதே சொல்லின் மேல் இன்னொரு தரம் எழுதுகிறேன்.
தாள் அந்த இடத்தில் மினுங்கத் தொடங்கிவிட்டது.

மின்விசிறி இன்னும் ஓடவில்லை.
அவனிடம் சொன்னால் பத்து நிமிட வேலை.
சொல்லவில்லை.
லஞ்சம் என்று ஆகிவிடும்.