ஐந்து புள்ளி எட்டு

அடெரீட்டோவின் இதயத்தில்
மேலறை நடுங்குகிறது.
கீழறை அதைப் பாதி கேட்டு, பாதி கேட்காமல்
தன்பாட்டுக்குத் துடிக்கிறது.
மணிக்கட்டில் விரல் வைத்தால்
யாரோ மாடிப்படியில்
இரண்டு படி தாவி, ஒரு படி நின்று,
எதையோ மறந்து திரும்பி இறங்குவது போலிருக்கும்.

வேகத்துக்கு பிசோப்ரோலால்.
நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறைந்து
ஒரு துணுக்கு மூளைக்குக் கிளம்பிவிடாதிருக்க
வார்ஃபரின்.
ரத்தம் குத்திப் பார்க்கத் தேவையில்லாத
புது மாத்திரைகள் வந்துவிட்டன.
ஆனால் சிறுவயதுக் காய்ச்சலொன்று
அவர் மிட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது;
அவருக்குப் பழையதுதான்.
எலி மருந்தாக விற்றது இது, என்று முதல் நாளே சொன்னேன்.
"இவள் ரொம்ப நாளாக முயன்றுகொண்டிருக்கிறாள்" என்றார்.
ஃபெலிஸ்மினா அவர் முழங்கையில் கிள்ளினாள்.

பதினோரு ஆண்டுகள்.
வியானா மருத்துவமனையின் தரைத்தளத்தில்
ஜன்னலில் லிமா ஆறு கொஞ்சம் தெரியும் என் அறையில்
மஞ்சள் அட்டை மேல் மஞ்சள் அட்டை:
இரண்டு புள்ளி மூன்று. இரண்டு புள்ளி ஐந்து.
மறுபடி இரண்டு புள்ளி ஐந்து.
பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு
அவர் அட்டையைத்தான் எடுத்துக் காட்டுவேன்,
என் கைவேலை என்பது போல.

மே மாதம், ஐந்து புள்ளி எட்டு.

"இரட்டையாக விழுங்கியிருப்பார்,
எண்பத்தொரு வயது" என்றார்
தொலைபேசியில் டாக்டர் எவரிஸ்டோ.
இருக்கலாம்.
ஆனால் எனக்கென்று இருப்பவை
இருபது நிமிடமும் எதிரே ஒரு நாற்காலியும்.
மாத்திரைப் பெட்டியைக் கொட்டி எண்ணினேன். சரியாயிருந்தது.
கிருமிக்கொல்லி? இல்லை. வலிக்கு ஏதாவது? இல்லை.
வைன்? சாப்பாட்டோடு ஒரு தம்ளர், எப்போதும் போல.
பல் தேய்த்தால் ரத்தமா? ஆமாம்.
சாப்பாடு?
ரொட்டி. டின் மத்தி. சில நாள் ரொட்டி மட்டும்.
"சூப்பு?" என்றேன்.

அவர் ஆற்றைப் பார்த்தார்.
கோவே கீரையை இலைமேல் இலையாக அடுக்கி,
சுருட்டு போலச் சுருட்டி,
நூல்நூலாக அரிவாளாம்.
"மார்ச் பதினேழுக்குப் பிறகு
அந்தக் கத்தியை நான் எடுக்கவில்லை, டோனா லியோனில்டே."

பதினோரு ஆண்டுகள், ஒவ்வோர் இரவும்
ஒரு கிண்ணம் பச்சை.
அதிலிருந்த கே வைட்டமின்
என் மாத்திரையை எதிர்த்து இழுத்துக்கொண்டேயிருந்தது.
எந்த அட்டையிலும் நான் அதை எழுதியதில்லை.
கேட்டதும் இல்லை.

இரண்டு நாள் நிறுத்தினேன்.
பிறகு வாரத்தில் இரு நாள் பாதி மாத்திரை.
கணினி காரணம் கேட்டது:
அளவுப் பிழை, புது மருந்து, கல்லீரல், பிற.
'பிற' என்பதை அழுத்தினேன்.

கீரை சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை,
வேண்டாமென்றும் சொல்லவில்லை.
ஏதாவது மாறினால் சொல்லுங்கள், அவ்வளவுதான்.
தலையாட்டினார்.
சொல்லமாட்டார் என்று தெரிந்தது.

ஜூன், ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர்.
நல்ல எண்கள்.
ஆள் மட்டும் சட்டைக்குள் சிறுத்துக்கொண்டே வந்தார்.

அக்டோபரில் ஒன்று புள்ளி நான்கு.
"இப்போது மறக்கிறார்" என்றார் எவரிஸ்டோ.
எண்ணினேன். ஒன்றும் மறக்கவில்லை.
இடதுகை ஆட்காட்டி விரலில் பிளாஸ்திரி,
கட்டைவிரலில் இன்னொன்று, ரத்தம் ஊறிப்போய்.

"எத்தனை நாளாக?"

"மூன்று வாரம்.
எனக்குக் கயிறு கயிறாகத்தான் வருகிறது."

ஒன்று புள்ளி நான்கு ஆபத்தான எண்.
அந்த அறையில் இப்போதே ஏதேனும் உறைந்துகொண்டிருக்கலாம்;
சந்தோஷப்பட எனக்கு உரிமையில்லை.
பாதி மாத்திரைகளை முழுசாக்கினேன்.
காரணம்: பிற.
வியாழக்கிழமை மறுபடி விரலில் குத்த வேண்டும்,
காயமில்லாத விரலாகப் பார்த்து.

கதவருகே நின்றார்.
வரும்போது ஒரு டப்பாவில் கொண்டுவரட்டுமா என்றார்,
உப்புதான் கொஞ்சம் தூக்கல்.

உப்பைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.
வியாழக்கிழமை. சாப்பிட்ட பிறகு.