இருநூற்றுப் பதினேழாம் உறை

மெட்டுதான் முதலில் வந்தது.
எங்கள் அவையில் எவரும் ஒத்துப்போகவில்லை,
வெளியூர் அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டார்,
சட்டமாகிவிட்டது.
சொற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.
பிறகு என்பதற்கு
ஆண்டுகள் பிடித்தன.

சரயேவோ. ஹீட்டர் பாதி உயிரோடிருக்கும் அறை.
போட்டிக்கு வந்த உறைகளைப் பிரிப்பது என் வேலை.
எண் போடு, பதிவேட்டில் ஏற்று, பெயரை மறை.
சுரங்கத் தொழிலாளி ஒருவர்
எதுகைக்காக ஆற்றைத் திருப்பிவிட்டிருந்தார்,
நெரெத்வா வடக்கே ஓடிற்று.
பல் மருத்துவர் ஒருவர் பன்னிரண்டு பக்கம்.
ரத்தம் என்ற சொல்லை எண்ணத் தொடங்கி
நாற்பதில் விட்டுவிட்டேன்.

நடுவர்களோ ஒரு சொல்லுக்கு ஒரு பகல்.
தாய்நாடு என்றால் யாருடைய தாய் என்றார் ஒருவர்.
ஒன்றாக என்பதை எடுத்துவிடுங்கள், ஒன்றாக இருக்கலாம்
என்றார் இன்னொருவர்.
யாரும் சிரிக்கவில்லை. நான் காபி ஊற்றினேன்.

அந்த உறை தூஸ்லாவிலிருந்து.
கணக்கு நோட்டில் கிழித்த கட்டம்போட்ட தாள்.
பாட்டு இல்லை. ஒரு கட்டடத்தின் பெயர்கள்,
தரைத்தளத்திலிருந்து மேலே:
ரிஃபெத், மின்சார மீட்டர் பார்ப்பவர்.
ஸ்லாவொய்காவும் அவள் தம்பியும்.
ஈவ்கா. எதிர்க்கதவு ஆவ்தோ.
மூன்றாவதில் அக்கார்டியன்காரர், பெயர் கேட்டதில்லை.
அதற்கு மேலும் இரண்டு மாடி.
அடியில் ஒரு குறிப்பு:
போருக்கு முந்தைய கோடையில்
அழைப்புமணிப் பலகையில் இருந்தபடி.
யாரையும் குறைக்க வேண்டாம்.

நிராகரிப்பு முத்திரையைக் குத்தியவள் நான்.
காரணம் என்ற கட்டத்தில்
மெட்டில் அமரவில்லை என்று எழுதினேன்.
அமர்த்திப் பார்க்கவேயில்லை.

குழு வேறு வரிகளைத் தேர்ந்தது.
அவையும் கோப்புக்குள்தான் கிடக்கின்றன,
நாடாவின் முடிச்சு அவிழாமல்.

நேற்று தொலைக்காட்சியில் ஆட்டம்.
தோளோடு தோள் பதினொரு பேர்,
பாட ஒன்றுமில்லாத உதடுகள்.
ஒருவன் மட்டும் சூயிங்கம்மை மென்றான்.
நான் குடைமிளகாய்க்கு விதை எடுத்துக்கொண்டிருந்தேன்.
கொம்புகள் எழுந்த முதல் அடியில்
ரிஃபெத் அப்படியே உட்கார்ந்தார்.
ஸ்லாவொய்காவுக்கு இரண்டு சுரம், தம்பிக்கு அரை.
ஈவ்கா, ஆவ்தோ.
பெயர் கேட்காதவரின் இடத்தில்
மெட்டே ஒரு மூச்சு நின்றது.

காலையில் ஆவணக் கிடங்குக்குப் போன் செய்தேன்.
நிராகரித்தவற்றை ஐந்து வருடத்துக்கு மேல்
வைப்பதில்லையாம்.

மூன்றாம் மாடி வரைதான் எனக்கு நினைவிருக்கிறது.
அதற்குப் பிறகும்
மெட்டு ஏறிக்கொண்டே போகிறது,
படியில் ஒரு விளக்கும் எரியாமல்.