காலி வண்டி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நர்ஸ் சொன்னாள்,
திங்கக்கெழம பத்து மணிக்கு பெட் வேணுங்க்கா.
இடுப்பெலும்பில் ஆணி போட்டிருக்கும் அப்பா.
திருப்பூரில் என் வீடு மூணாவது மாடி.
மஸ்கட்டிலிருந்து அண்ணன்
'எதுன்னாலும் நீயே பாத்துச் செய்யி' என்றான்.
எதுன்னாலும் என்றால் எது என்று
அவனும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை.

இரண்டரை நாள்.
நாற்பதாயிரம் பனியன் கப்பலேற
இதைவிட அவகாசம் கொடுப்பார்கள்.

அன்னூரில் இடமில்லை.
வடவள்ளியில் இருந்தது,
மலை தெரியும் அறை, ஏழு லட்சம் முன்பணம்.
பல்லடத்துக்காரர் 'நடப்பாருங்களா' என்றார்.
நடந்தால் உங்களை எதற்குக் கூப்பிடுகிறேன் என்று
நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கி
'நடந்துருவாருங்க' என்றேன்.
'நடந்ததுக்கப்பறம் கூப்புடுங்க.'

அவிநாசிக்கு நேரிலேயே போனேன்.
கோழிப்பண்ணையைத் தடுத்துக் கட்டிய அறைகள்.
பினாயிலுக்கு அடியில் இன்னும் தீவன வாடை.
ஒருவர் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு
'பஸ்ஸு வந்துருச்சா?' என்றார்.
வந்துருச்சுங்க என்று சொல்லிவிட்டு
நான் மட்டும் ஏறிக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம்
அரச்சலூர்ப் பக்கம் ஒரு இல்லம்.
வனஜாமணி என்று பேர் சொன்னவர்
எடுத்ததும் கேட்டார்:
'அப்பா எத்தன கிலோங்க?
எழுவதத் தாண்டுனா தூக்கறதுக்கு ரெண்டு ஆளு,
மாசம் நாலாயிரம் சேத்தி.'
எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தோரு வருஷம்
காங்கயம் எடைமேடையில் உட்கார்ந்தவர்.
கொப்பரை லாரி, நெல் லாரி, தவிட்டு லாரி.
கிளீனர் இறங்காமல் படுதாவுக்குள் ஒளிந்திருந்தால்
முள்ளைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.
அவர் எத்தனை கிலோ என்று
யாரும் கேட்டதில்லை.

வார்டுக்குப் போய்க் கேட்டேன்.
தொடையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.
'அறுவத்தி நாலு. ஆணியோட.'
எதுக்கு அம்மிணி என்று கேட்கவில்லை.
எடை கேட்பவர்கள் எதற்குக் கேட்பார்கள் என்று
அவருக்குத் தெரியாததா.

திங்கள்கிழமை படிவம்.
உறவு: மகள்.
அவசரத்துக்கு இன்னொருவர் எண்:
என்னுடைய ஆபீஸ் நம்பரை எழுதினேன்.
சுவரோரக் கட்டில். பக்கத்தில் சென்னியப்பன் என்பவர்
அணைத்து வைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மருந்து, வேட்டி நாலு, கண்ணாடிக் கூடு
எல்லாவற்றையும் வாங்கி வைத்த வனஜாமணி
ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.
முத்திரை அடித்த அஞ்சு கிலோ இரும்புக்கல்.
வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்தது.
அதையும் எடுத்து வை என்று
அப்பாதான் சொல்லியிருந்தார்.
'இரும்பு வேண்டாமுங்க,
யாராச்சும் கால்ல போட்டுக்குவாங்க.'

வாசல்வரை போனவளைக் கூப்பிட்டார்.
'காலி வண்டிய ஒருக்கா எடை போட்டுட்டுப் போ.
இல்லீன்னா கணக்கு நிக்காது.'
மருந்து மயக்கமா கேலியா தெரியவில்லை.
வனஜாமணி என் முகத்தைப் பார்த்தார்.
சரிங்கப்பா என்றேன்.

நத்தக்காடையூரில் ஆடுகள் குறுக்கே வர
பிரேக் போட்டதில்
பின்சீட்டுக் கல் தடாலென்று விழுந்தது.
ஓரங்கட்டி, எடுத்து முன்சீட்டில் வைத்தேன்.
கிளம்பியதும் கார் கத்தத் தொடங்கியது.
பக்கத்தில் ஆள் இருக்கிறதாம்.
பெல்ட் போட வேண்டுமாம்.
ஒரு கிலோமீட்டர் கத்தவிட்டுப் பார்த்தேன்.
பிறகு நிறுத்தி
கல்லின் கைப்பிடிக்குள் பெல்ட்டைக் கோத்து மாட்டினேன்.
சத்தம் நின்றது.

காங்கயத்தில்
எடைமேடைக்கு இரண்டு லாரி காத்திருந்தன.
நான் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும்.
பின்னால் வந்த மினிபஸ்
விடாமல் ஹாரன் அடித்தது.