காலி எடை

ஜெகதேவி ரோட்டில் எடைமேடை வைத்திருக்கிறேன்.
இருபத்திரண்டு வருஷமாய் லாரி ஏறும்,
சிவப்பு எண்கள் நடுங்கும், நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
பொய் சொல்லக்கூடாத தொழில்.
சொல்லச் சொல்லி வந்தவர்கள் உண்டு,
அது வேறு கதை.

வெங்கடகிரியின் குவாரி முங்கியபோது
எனக்கு வரவேண்டிய நாலு லட்சத்துக்கு
பாசிப்பச்சையில் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.
அறுபத்தைந்தாம் வருஷத்து ஜெர்மன் வண்டி.
பின்னால் தூக்கிய வால்,
பம்பருக்கு அடியில் இரண்டு விசிறி.
"கல்லு வாங்கினவன் காசுக்குப் பதிலாக் குடுத்தது.
தண்ணியில போகும்ணா" என்றான்.
கடன்காரன் சொல்வதை யார் நம்புவார்?
மேடையில் ஏற்றினேன்.
ஆயிரத்து ஐம்பது கிலோ.
மிதக்கிற எண்ணாகத் தெரியவில்லை.

அமானுல்லா பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டான்.
கதவு ரப்பர், மூடிப்போன மாங்கூழ் ஃபேக்டரியின்
குளிர் அறையிலிருந்து வந்தது.
தண்ணீர் இறைக்கும் பம்பு எதிலிருந்து வந்ததென்று
இன்றுவரை சொல்லவில்லை.
ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒருத்தர்
சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்,
"எஃப்.சி. ரோட்டுக்கா, ஏரிக்கா?"

பாரூர் ஏரி. ஐப்பசி. கலிங்கு வழிந்து மூன்றாம் நாள்.
எருமை இறங்கும் சரிவில் முதல் கியரில் நின்றேன்.
பரிசல் மாதையன் பீடியை எடுக்காமலே கேட்டான்,
"கவுந்தா டயரு மேல இருக்குமா, கீழ இருக்குமா?"
நாகவேணி கரையிலிருந்து கேட்டாள்,
எல்.ஐ.சி. பாண்டு எந்த பீரோவில் இருக்கிறதென்று.

முன்சக்கரம் தரையை விட்ட இடம் எனக்குத் தெரியும்.
ஸ்டீயரிங் திடீரென்று லேசானது,
நாம் பேசிக்கொண்டே இருக்க
எதிர்முனையில் போனை வைத்துவிட்ட மாதிரி.
சின்ன லீவரைத் தள்ளினேன். விசிறி பிடித்தது.
பிரேக்கை மிதித்தேன், பழக்கம்.
எதுவும் நிற்கவில்லை.
நாமக்கோழிகள் ஹார்ன் அடிக்காமலே ஒதுங்கின.
இந்த மாவட்டத்தில் எனக்கு யாரும்
அப்படி வழி விட்டதில்லை.

அரைமணி நீச்சலுக்கு
அரைநாள் கிரீஸ் வேலை.
பின்சீட்டைக் கழற்றி, குனிந்து, படுத்து,
பதிமூன்று முலைக்காம்புகளுக்கும் கிரீஸ் ஊட்டவேண்டும்,
இல்லாவிட்டால் துரு தின்றுவிடும்.
ஆகாயத்தாமரை வேரை விசிறியிலிருந்து
பல்லால் இழுத்திருக்கிறேன் ஒருநாள்.
கைலியெல்லாம் கிரீஸ். சந்தோஷம்தான்.

நாலாவது முறை நாகவேணி வந்தாள்.
செருப்பைக் கரையிலேயே விட்டாள்,
கோயிலுக்கு வந்தவளைப்போல.
நடு ஏரியில் அவள் பக்கத்துக் கதவு
கசிய ஆரம்பித்தது.
நான் பம்பைத் தட்டினேன், திட்டினேன்.
அவள் டிபன் மூடியால் மொண்டு ஊற்றிக்கொண்டே
சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள்.
மேலாடை நனைய, பல்லெல்லாம் தெரிய.
கல்யாண வீடியோவிலும் இந்தச் சிரிப்பு இல்லை.
"ஊருக்கெல்லாம் சீட்டு எழுதறியே,
இப்ப நாம எவ்வளவு வெயிட்டு?"

எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்றே சொன்னேன்.

இருட்டி வீடு திரும்பும் வழியில்
மேடையில் ஏற்றி, இறங்கி நின்று பார்த்தோம்.
ஆயிரத்துத் தொண்ணூறு.
நாற்பது கிலோ ஏரியைத் திருடி வந்திருக்கிறோம்.
அவளே மண்டியிட்டு அடிமூடியைத் திருகினாள்.
இரும்புத் தகடுகளின் இடுக்கில்
பாசி வாசனையோடு ஏரி ஒழுகியது,
எண்பது, எழுபது, அறுபது
என்று எண்கள் இறங்கி,
நின்றுவிட்டன.
பத்து கிலோ எங்கே என்று
டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தோம்.
பின்னால் கிரானைட் ஏற்றிய பதினாறு சக்கர லாரி
ஹார்னில் கையை வைத்து எடுக்கவேயில்லை.
"இருப்பா," என்றாள் நாகவேணி,
"இன்னும் எடை போட்டு முடியல."