ஞ இல்லாத விசைப்பலகை

புன்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டாது, உதைக்கும்.
மூன்று இரவாக நான்
ஒரு கோப்பின் வாசலில் நிற்கிறேன்.
பூட்டியவள் நானேதான்.

நாயின் பெயர். தவறு.
கல்யாணத் தேதி. தவறு.
அது முறிந்த தேதியும் தவறு.
அலுவலகத்து ரமிரோ சொன்னான்:
"உடைக்கிற மென்பொருள் இருக்கிறது அம்மணி,
எட்டு எழுத்தென்றால் ஒரு வாரம்.
பத்தென்றால்
பென்ஷன் வாங்கிவிடுவீர்கள்."

பழைய மடிக்கணினியைத் துடைக்கும்போதுதான்
கண்ணில் பட்டது.
தீர்வையில்லாக் கடையின் மலிவுச் சரக்கு.
ன இருந்தது.
அதே ன தலையில் ஓர் அலையைச் சுமந்தால்
எங்களுக்கு ஞ.
அது இல்லை.

'ஒதோஞோ' என்று நினைத்து
'ஒதோனோ' என்று அடித்திருக்கிறேன்.
இலையுதிர் காலம் என்று பொருள்,
எலியோதோரோ பையைத் தூக்கிய பருவம்.

திறந்தது.

நாலு பக்கம். அவனைத் திட்டித்தான்.
இரண்டாம் பக்கத்தில் அடுப்புகூட வருகிறது,
பழுது பார்க்காமல் விட்டுப்போன அடுப்பு.
இப்போது அதன்முன் குந்தி
குழாயை முறுக்கிக்கொண்டிருக்கிறான்,
போன வாரம் திரும்பி வந்தவன்.

"எதுவிகிஸ், திருப்புளி எங்கே?"

"இழுப்பறையில்" என்றேன்,
விட்டுப்போன ஞக்களை
முதல் வரியிலிருந்து போட்டுக்கொண்டே.
வஞ்சனைக்கு ஒன்று வேண்டியிருந்தது.
வாஞ்சைக்கும் ஒன்று,
அந்தச் சொல்லை எழுதியது
எனக்கே நினைவில்லை.

வசவு ஒன்றையும் நீக்கவில்லை.