எந்தத் தேதிக்கு?

நிலையத்தில் நான் டீசல் எஞ்சின் பார்ப்பவன்.
அளவுகோல் பிடிக்க ஆளில்லை என்று
சிக்ரூன் என்னைக் கூட்டிப்போனாள்.
அவள் தோளில் துப்பாக்கி, கரடிக்கு.
என் கையில் மூன்று மீட்டர் கோல்.
குளிரில் சுருங்காத உலோகமாம்.
நான் சுருங்கினேன்.

பாறையில் ஒரு பித்தளை ஆணி.
சட்டைப் பொத்தான் அளவே தலை.
கையுறையால் பனியைத் துடைத்துவிட்டு
"இதிலிருந்துதான் எல்லாம்" என்றாள்.
எல்லாம் என்றால்
படகுத்துறை, கடல் ஏறி இறங்கும் குழாய்,
என் எஞ்சின் அறையின் வாசற்படி,
இரவெல்லாம் வானத்துக்குக் காது கொடுத்து நிற்கும்
அந்த ஆண்டெனா.

"ஆடாதே."
குமிழி நடுவுக்கு வரும்வரை
மூச்சையும் கோலோடு சேர்த்துப் பிடித்திருந்தேன்.

இரண்டு கிலோமீட்டர். போக ஒருமுறை, வர ஒருமுறை.
கணக்கு மூடவில்லை.
மூன்று மில்லிமீட்டர் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.
நான் குனிந்து என் பூட்ஸைப் பார்த்தேன்.
அவள் எண்ணை அழிக்கவில்லை;
குறுக்கே ஒரு கோடு, மேலே தேதி.
ரப்பர் வைத்துக்கொள்வதே இல்லையாம் இந்த வேலையில்.

ஐந்தாவது இடத்தில் தும்மினேன் என்று
அப்போதுதான் சொன்னேன்.
திட்டவில்லை. துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு
முதலிலிருந்து நடந்தாள்.

இரவு உணவின்போது ஆண்டெனாவின் கணக்கு வந்தது.
போன வருடத்தைவிட
ஒன்பது மில்லிமீட்டர் உயரம்.
"ஆணி கழன்றுவிட்டதா?"
"ஆணி அங்கேயேதான். பாறை எழுகிறது.
பல்லாயிரம் வருடம் பனியைச் சுமந்தது.
சுமை இறக்கியதும் யார் உடனே நிமிர்கிறார்கள்?"
சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டே சொன்னாள்,
யாரோ உறவுக்காரரின் முதுகுவலியைச் சொல்வதுபோல.

லுப்ளினில் என் மகள் கிங்காவுக்கு வயது ஒன்பது.
அப்பா சரியாக எங்கே இருக்கிறாய் என்று
போன கடிதத்தில் கேட்டிருந்தாள்.
'சரியாக' என்பதன் கீழே இரண்டு கோடு.

என் கட்டில் இருக்கும் இடத்தின்
அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம்
எழுதித் தரச் சொன்னேன் சிக்ரூனிடம்.
பென்சிலை எடுத்தவள் நிறுத்திக் கேட்டாள்:
"எந்தத் தேதிக்கு?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
தேதி இல்லாத இடம்
பாதி முகவரிதானாம்.

மில்லிமீட்டர் வரை எழுதிக் கொடுத்தாள்.
கீழே இன்றைய நாள்.

இங்கிருந்து கடிதம் போய்ச்சேர ஆறு வாரம்.
கிங்கா பிரிக்கும்போது
நான் ஒரு மில்லிமீட்டர் மேலே இருப்பேன்.
அதையும் எழுதலாமா என்று
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
உறையை நக்கி ஒட்டினேன்.